எரிச்சல் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கால் நரம்புப் பாதிப்பு: வாசகர் கேள்வி பதில்

மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்தல் என்று வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான்: “போன மாதம் இருந்த மாதிரி இந்த மாதம் இல்லை. இது கூடுகிறதா, குறைகிறதா?” நியூரோபதி எனப்படும் இந்த நரம்புப் பாதிப்போடு இருப்பவர்களை நோயை விட அதிகமாக அலைக்கழிப்பது இந்த மாற்றம்தான். அதனால் மாற்றத்தைப் பற்றிய கேள்விகளையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எனக்கு 58 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக ராத்திரியானால் உள்ளங்கால் காந்தல் தாங்காது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன். பிரீகாபலின் 75 மி.கி. காலையும் இரவும் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாகக் காந்தலே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

கொஞ்சம் பொறுங்கள். காந்தல் நிற்க மூன்று காரணங்கள் உண்டு. நரம்பு தேறியிருக்கலாம். மாத்திரை வலியை அடக்கி வைத்திருக்கலாம். அல்லது, காந்தலை அனுப்பிக்கொண்டிருந்த நரம்பு நுனிகளே செத்துப்போயிருக்கலாம். இந்த மூன்றும் உங்களுக்கு ஒரே நிம்மதியாகத்தான் தெரியும். மூன்றாவதாக இருந்தால் அதுதான் ஆபத்து.

வாய்க்கால் நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையை உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கால்விரல் வரை போகும் நரம்பு இழையின் உயிரணு இடுப்புக்குப் பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி ஏறக்குறைய ஒரு மீட்டர். இழைக்கு வேண்டிய சத்தெல்லாம் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். சர்க்கரையோ, சத்துக் குறைவோ, மதுவோ அந்த ஓட்டத்தைக் கெடுத்தால் முதலில் காய்வது கடைமடைதான். அதனால்தான் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. காய்ந்துகொண்டிருக்கும் நுனி காரணமில்லாமல் தானாகவே செய்தி அனுப்பும். அதைத்தான் காந்தல், சுளீர், எறும்பு ஊர்வது என்கிறோம். முழுக்கக் காய்ந்தபின் அது ஒன்றும் சொல்லாது. முள் குத்தினாலும் சொல்லாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர், இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, மொத்தம் ஆறு இடங்களை, வரிசை மாற்றி மாற்றித் தன் ஆட்காட்டி விரலால் மெல்லத் தொடட்டும். ஓரிரு நொடி, இறகு பட்டது போல. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்று மறுபடி தொடவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது மருத்துவரிடம் சென்று 10 கிராம் நைலான் இழைச் சோதனையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை அதிர்வுச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தே சில நிமிட வேலைதான்.

ஆறு இடமும் தெரிகிறது, செருப்பு கழன்றால் உடனே தெரிகிறது, தரையின் குளிர்ச்சியும் தெரிகிறது என்றால் நல்ல அடையாளம். அப்போதும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி குறைந்தது ஒரு வாரம், இரண்டு மூன்று வாரமானால் இன்னும் நல்லது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாக விட்டால் தூக்கம் கெடும். வியர்வை, குமட்டல், படபடப்பு வரும். அபூர்வமாக வலிப்பும் வரலாம். குறைக்கும்போது காந்தல் திரும்பி வந்தால், அதை அடக்கி வைத்திருந்தது மாத்திரைதான் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். நம் ஊரில் பிரீகாபலினும் மீதைல்கோபாலமினும் (பி12-இன் ஒரு வடிவம்) சேர்ந்த மாத்திரைகள் “நரம்புச் சத்து மாத்திரை” என்ற பெயரில் புழங்குகின்றன. சர்க்கரை மருத்துவர் ஒன்று, எலும்பு மருத்துவர் ஒன்று என்று எழுதி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறவர்கள் உண்டு. அட்டையின் பின்புறம் படியுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த மருந்தின் அளவையே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைசுற்றி விழுவார்கள். கால் வீக்கமும் எடை கூடுவதும் இதன் பக்கவிளைவுகள்தான்.

கேள்வி: சர்க்கரை மூன்று மாதச் சராசரி (HbA1c) 12.4 இருந்தது. பயந்துபோய் இன்சுலின், உணவுக் கட்டுப்பாடு எல்லாம் ஒழுங்காகச் செய்து மூன்றே மாதத்தில் 7.6-க்குக் கொண்டுவந்தேன். இப்போதுதான் காலில் தீ வைத்த மாதிரி எரிகிறது. முன்னே இப்படி இல்லவே இல்லை. சர்க்கரையைக் குறைத்தது தப்பா?
– வாசகர், மதுரை, வயது 44

தப்பில்லை. ஆனால் நீங்கள் சொல்வது கற்பனையும் இல்லை. பல வருடம் உயர்ந்தே இருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது நுண்ணிய நரம்பு இழைகள் சீறுவதுண்டு. மூன்று மாதத்துக்குள் சராசரி இரண்டு புள்ளிக்கு மேல் இறங்கினால் இதற்கு வாய்ப்பு உண்டு. எத்தனை அதிகம் இறங்குகிறதோ அத்தனை அதிகம். உங்களுக்கு ஏறக்குறைய ஐந்து புள்ளி இறங்கியிருக்கிறது. இன்சுலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1933-லேயே, இதை மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். மாத்திரையில் குறைத்தாலும் வரும். வெறும் பத்தியத்தில் குறைத்தாலும் வரும்.

பெரும்பாலும் சர்க்கரை இறங்கிய எட்டு வாரத்துக்குள் தொடங்கி, உச்சத்துக்குப் போய், பல மாதங்களில் மெல்லத் தணியும். வலிக்குப் பயந்து சர்க்கரையை மறுபடி ஏற்றிவிடாதீர்கள். இனி குறைக்க வேண்டியதை நிதானமாகக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். வலிக்கு டுலாக்ஸிடின் 30 மி.கி. உணவுக்குப் பின் தொடங்கி ஒரு வாரத்தில் 60 ஆக்குவதோ, இரவில் பிரீகாபலின் 75 தொடங்குவதோ வழக்கம். தேர்வு உங்கள் மருத்துவருடையது. இவை பாரசிட்டமால் போல ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. சரியான அளவுக்கு வந்தபின் சில வாரம் கொடுத்துப் பார்த்துத்தான் “கேட்கவில்லை” என்று சொல்ல முடியும். மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

கண்ணைப் பரிசோதித்தீர்களா? இதே வேகத்தில் விழித்திரையும் மோசமாகலாம். கண் பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். இது காலை விட அவசரம்.

கேள்வி: காலையில் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கிறது. சாயங்காலம் பஞ்சு மேல் நடப்பது மாதிரி. ராத்திரி போர்வை பட்டாலே எரிகிறது. ஒரு வாரம் நன்றாக இருந்து, மறு வாரம் படுத்துகிறது. மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் ஒன்றும் இருப்பதில்லை! என்னவென்று சொல்வது?
– வாசகி, சேலம்

நீங்கள் சொல்கிற ஏற்ற இறக்கம் இந்த நோயின் இயல்பு. பகலில் நடை, வேலை, பேச்சு எல்லாம் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால் காலின் குரல் அமுங்கிவிடுகிறது. படுத்ததும் அது ஒன்றுதான் கேட்கிறது. போர்வைச் சூடும் சேர்ந்துகொள்ளும். நெடுநேரம் நின்றது, இறுக்கமான செருப்பு, காய்ச்சல், தூக்கம் கெட்டது, ஒரு வேளை மாத்திரை விட்டது, சர்க்கரை ஏறி இறங்கியது, மது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றிரவே தெரியும்.

எனவே ஒரு நாள் வலியை வைத்து நோய் கூடியதா என்று தீர்மானிக்காதீர்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், ஒரே நேரத்தில், விளக்குத் திரி ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து புறங்கால் வழியாக மேல்நோக்கி மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். “இங்கே சரியாகத் தெரிகிறது” என்ற இடத்தில் பேனாவால் கோடு. விரல் நுனியிலிருந்து கோடு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். மற்றக் காலுக்கும் அதே. மாதம் ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். மூன்று மாதத்தில் கோடு விரலிலிருந்து கணுக்காலுக்கு ஏறியிருந்தால் அது செய்தி.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரத்துக்கு நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: இரவு வலி பத்துக்கு எத்தனை, எத்தனை முறை விழித்தேன், அன்றைய சர்க்கரை, புதிதாக என்ன மாத்திரை, தடுமாறினேனா. “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதை விட “பதினாலு ராத்திரியில் ஒன்பது ராத்திரி ஏழுக்கு மேல்” என்பது அவர் கையில் பிடிமானம் கொடுக்கும்.

போர்வைக்கு ஒரு எளிய வழி: கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் போர்வையை விரித்து, பாதம் உள்ளே சும்மா இருக்கும்படி விடுங்கள். அட்டையின் ஓரம் காலில் உரசக் கூடாது. ஐஸ் கட்டி வேண்டாம்.

கால் மரப்பு இன்னும் முழங்கால் பக்கமே வராதபோது கைவிரல்கள் மரத்தால் மட்டும் வேறு காரணம் தேட வேண்டும். கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை மரத்து, ராத்திரி எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. அதற்குச் சிகிச்சையே வேறு.

கேள்வி: சைவம். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பி12 அளவு 148 என்று வந்தது. ஊசி போட ஆரம்பித்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து காலில் கரண்ட் அடிப்பது போல் புதிதாக வருகிறது. ஊசி ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

ஊசியை நிறுத்தாதீர்கள். பி12 200-க்குக் கீழே போனால் குறைபாடு என்றே கொள்வார்கள்; உங்களுடையது தெளிவான குறைபாடு. தேறும் நரம்பும் சில வாரம் தாறுமாறாகச் செய்தி அனுப்பும். அடிபட்ட இழை வளர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ரத்தத்தில் பி12 ஏறச் சில நாள் போதும். கால் தேற ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். நெடுநாள் கவனிக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் மரப்பு நிலைத்தும் போகலாம்.

தவறு நடப்பது வழக்கமாக ஐந்தாவது ஊசிக்குப் பிறகு. “கோர்ஸ் முடிந்தது” என்று விட்டுவிடுகிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், முதலில் 1000 மைக்ரோகிராம் நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்ட நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று போகும். பி12-ஐக் குறைக்கும் மெட்ஃபார்மினும், அது குறைவாக உள்ள சைவ உணவும் தொடர்கிற வரையில் பி12-ஐயும் ஏதாவது ஒரு வடிவில் தொடர வேண்டும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; நல்ல மருந்து அது. பாலும் தயிரும் கொஞ்சம் பி12 தரும். இட்லி மாவு புளிப்பதிலும் கீரையிலும் நம்பிக்கை வைக்க வேண்டாம், வேண்டிய அளவு கிடைக்காது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

சத்து மாத்திரை அட்டையில் பி6 அளவையும் பாருங்கள். நாளுக்கு 100 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் பி6-ஏ நரம்பைக் கெடுக்கும். காசநோய் மாத்திரையான ஐசோனியசிடோடு 10 மி.கி. பி6 கொடுப்பது நரம்பைக் காக்க. காக்கிற அளவுக்கும் கெடுக்கிற அளவுக்கும் அவ்வளவுதான் தூரம்.

முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்கிறதா? கால் விறைக்கிறதா? அப்படியானால் தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். நரம்பியல் மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்தார்கள். அப்போது ஃபிரிட்ஜ் தண்ணீர் பட்டால் விரல் சுரீர் என்றது. மருந்து முடிந்து இரண்டு மாதம். இப்போது மரப்பு கூடிவிட்டது. நோய் திரும்பி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பயம் புரிகிறது. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளில் இப்படி நடப்பது தெரிந்த விஷயம். வண்டியில் பெடல் மிதிப்பதை விட்டபின்னும் சக்கரம் ஓடுவது போல, மருந்து நின்றபின்னும் இரண்டு முதல் ஆறு மாதம் வரை மரப்பு ஏறக்கூடும். பிறகுதான் மெல்ல இறங்கத் தொடங்கும். குளிருக்குச் சுரீர் என்றது உடனடி விளைவு, இது பிந்திய விளைவு. இருந்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, பி12, தைராய்டு ஒருமுறை பார்க்கட்டும். இந்த வகை வலிக்கு டுலாக்ஸிடினுக்குத்தான் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. அது வலியைக் குறைக்கும், மரப்பைக் குறைக்காது.

அடுப்படியில் அம்மாவின் கையைக் கவனியுங்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துவிட்டு, தோல் வெந்தது தெரியாமல் நிற்பார். இடுக்கியும் தடித்த கைப்பிடித் துணியும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். ரவிக்கைக் கொக்கி மாட்டுவது சிரமமானால் ஒட்டிப் பிடிக்கும் வெல்க்ரோ பட்டை தைத்துக் கொடுங்கள்.

கேள்வி: கால் மரப்புக்கு இரவில் வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைக்கிறேன். இதமாக இருக்கிறது. செய்யலாமா? எந்த மாதிரிச் செருப்பு வாங்கலாம்?
– வாசகர், திருவண்ணாமலை

வெந்நீர் வேண்டவே வேண்டாம். உங்களுக்கு இதமாக இருக்கிற சூடு, உணர்ச்சி உள்ளவரால் தாங்க முடியாத, கொப்புளம் போடும் சூடாக இருக்கலாம். குளிக்கும் நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்து, முடிந்தால் வீட்டில் வேறொருவரைத் தொடச் சொல்லி, பிறகு காலில் விடுங்கள். ரப்பர் வெந்நீர்ப் பையும் கூடாது. காலாணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் அமிலம் இருக்கிறது. ஆணியோடு நல்ல தோலையும் கரைத்துவிடும்.

வெறுங்கால் நடையும் அப்படியே. உங்கள் ஊர்க் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்ச்சி குறைந்த காலுக்கு அது ஆகாது. கோயில் பிராகாரத்துக்கு வெயில் ஏறும் முன் போய் வாருங்கள். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

செருப்பைப் பற்றி நம் மாநிலத்துக்கே ஒரு பாரம்பரியம் உண்டு. 1940-களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் படும் காயங்கள்தான் என்று காட்டினார். அந்தப் பணியிலிருந்து பரவியதுதான் எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு. இன்று சர்க்கரைப் பாதங்களுக்கும் அதுதான். மேலே மிருதுவான எம்.சி.ஆர்., கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர், குதிகாலுக்குப் பின்னே பட்டை, வெல்க்ரோ மூடல், ஆணி கிடையாது. ஹவாய் செருப்பின் வார் கட்டைவிரல் இடுக்கில் அறுத்து, ஒரு அரிசி அளவுக்குப் புண் போடும். மரத்த காலில் சீழ் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

காலைத் தாளில் வைத்து வரைந்துகொண்டு, மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். மரத்த கால் “சரியாக இருக்கிறது” என்று சொல்வதை நம்ப முடியாது. இறுக்கமானதுதான் அதற்குச் சரியாகத் தெரியும். வரைபடத்தைச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள், எங்கும் வெளியே நீட்டக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணியிலும் மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது. தினமும் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். கையை விட்டுத் தடவியும் பாருங்கள்.

கேள்வி: கால் எரிச்சலோடு இப்போது படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. இதுவும் நரம்பா?
– வாசகர், திருநெல்வேலி

இருக்கலாம். ஐந்து நிமிடம் படுத்தபின் ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்று ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாக நடத்தும் தானியங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதைச் செய்யும். மாத்திரைப் பட்டியலோடு மருத்துவரிடம் போங்கள். அதுவரை கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்திருங்கள். கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும்.

கேள்வி: பத்து நாளாக வலது பாதம் மட்டும் தூக்க வரவில்லை. செருப்பு இழுபடுகிறது. சர்க்கரை நரம்புதானே என்று விட்டுவிட்டேன்.
– வாசகர், விழுப்புரம்

விடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நியூரோபதி இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மெதுவாக, உணர்ச்சியில் தொடங்கும். ஒரு காலில் மட்டும், சில நாளில், பலவீனமாக வந்தால் முழங்காலுக்கு வெளியே நரம்பு நசுங்கியதா, முதுகெலும்புத் தட்டு பிதுங்கியதா, நரம்புக்கு ரத்தம் போவது தடைபட்டதா என்று பார்க்க வேண்டும். உடலில் வெளிறிய, தொடுஉணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தொழுநோயையும் சோதிக்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

அன்றைக்கே ஓட வேண்டியவை: பலவீனம் சில நாளில் இரண்டு காலிலும் மேல்நோக்கி ஏறுவது, மூச்சு வாங்குவது, விழுங்க முடியாதது, சிறுநீர் அடைத்து உட்காரும் இடம் மரப்பது.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இடது பாதம் ஒரு வாரமாக வீங்கிச் சிவந்து சூடாக இருக்கிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் அதிகம் இல்லை என்கிறார். இருபது வருடச் சர்க்கரை. வழக்கம்போல் நடந்து வேலைக்குப் போகிறார்.
– வாசகி, திண்டுக்கல்

உடனே நடையை நிறுத்தச் சொல்லுங்கள். மரத்த பாதத்தில் எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கத் தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். சார்கோ பாதம் என்பார்கள். வலி குறைவாக இருப்பதே ஏமாற்றும். கிருமித்தொற்று, யூரிக் அமிலம், ரத்தக்கட்டு என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுவதும் அதிகம். புறங்கையை இரண்டு பாதங்களின் மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இடது மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு டிகிரி செல்சியஸ் வித்தியாசமே போதும்.

முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். முழங்கால் வரை பாதத்தோடு ஒட்டிய கட்டுப் போட்டு, சூடு தணியும் வரை, பல மாதம் கூட, பாரம் ஏற்றாமல் வைத்திருப்பதுதான் சிகிச்சை. நடந்தால் உள்ளங்கால் வளைவு சரிந்து படகின் அடி மாதிரி ஆகிவிடும்; பிறகு அந்த மேட்டில் புண் வரும். மருத்துவமனைக்குப் போவதற்கும் ஆட்டோ வாசலுக்கு வரட்டும், சக்கர நாற்காலி கேளுங்கள். இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டாம்.